நிமலன் அழவில்லை

ஜனவரி 8, திங்கள்

பேர்கனில் மழை பெய்கிறது என்று எழுதுவது வீண். பெய்யாத நாளைத்தான் எழுத வேண்டும்.

புது வருடத்திலிருந்து தமிழில் கொஞ்சமாவது எழுதுவது என்று முடிவெடுத்திருக்கிறேன். முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க நோர்வே மொழியில் அறிக்கை எழுதுகிறேன். யாருக்கு என்ன மருந்து கொடுத்தேன், யார் சாப்பிடவில்லை, யார் விழுந்தார். தமிழ் எழுத உட்கார்ந்தால் எந்த இடத்தில் 'ழ', எந்த இடத்தில் 'ள' என்று கை தயங்குகிறது.

காலையில் மிதுரா சப்பாத்து ஈரம் என்று சொன்னாள். சப்பாத்துக் காயவைக்க மின்சாரத்தில் ஒரு தனிச் சாமான் இந்த வீட்டில் இருக்கிறது. அதில் நேற்று மாட்ட மறந்தது அவள்தான். "உன்ரை வயசிலை நான் செருப்பில்லாமல் சேத்துக்குள்ளை நடந்து நாலு ஊர் தாண்டினனான்" என்றேன். அவளுடைய அப்பா கேதீஸ்வரன் பஸ் ஓட்டும் சீருடையோடு வாசலில் நின்று, "விடும் சிவாஜினி, அவளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுது" என்றார்.

"ஓம் அம்மா, தெரியும்" என்று சொல்லிவிட்டு மிதுரா ஈரச் சப்பாத்தையே போட்டுக்கொண்டு போனாள்.

நல்ல பிள்ளை. பன்னிரண்டு வயது. இந்த வயதில் மற்ற வீடுகளில் பிள்ளைகள் கதவை அடித்துச் சாத்துகிறார்கள் என்று சொல்லக் கேட்கிறேன். இவள் எதற்கும் குறை சொல்ல மாட்டாள். அவளுடைய ஆசிரியையும் போன கூட்டத்தில் அதையேதான் சொன்னா. "மிதுராவுக்கு ஏதாவது பிரச்சினை இருந்தாலும் எங்களுக்குத் தெரிய வராது" என்றா. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜனவரி 10, புதன்

இல்லத்தில் போர்கில்ட் அம்மா இன்று அழுதா. கோப்பி ஆறிவிட்டதாம். உண்மையாகவே கண்ணீர் வடிய அழுதா. புதிதாக ஊற்றிக் கொடுத்தேன். அதில் பால் கூடிவிட்டது. மூன்றாவது தடவை ஊற்றிக் கொடுத்தபோது என் கையைப் பிடித்துத் தடவி, நீ நல்லவள் என்றா.

என் அம்மா தேத்தூளைக் காயவைத்து மறுபடியும் அவிப்பா. நிறம் போனபிறகும் அவிப்பா. சீனி இல்லாமல் உள்ளங்கையில் பனங்கட்டித் துண்டு ஒன்றை வைத்து நக்கி நக்கிக் குடிப்போம்.

வரும் வழியில் ஹெலிகொப்டர் ஒன்று ஆஸ்பத்திரிப் பக்கம் தாழப் பறந்தது. மலையில் விழுந்த யாரையாவது ஏற்றிக்கொண்டு போயிருக்கும். எத்தனை வருடமானாலும் என் கண் முதலில் பதுங்க இடம் தேடுகிறது. இன்று தபால்பெட்டிகள் இருந்த கூரைக்குக் கீழே போய் நின்றுவிட்டேன். மிதுரா சின்னதில் ஹெலிகொப்டருக்குக் கை காட்டுவாள். முதல் தடவை அதைப் பார்த்தபோது அவளுடைய கையை இறக்கிப் பிடித்தேன். ஏன் என்று கேட்டாள். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

ஜனவரி 12, வெள்ளி

மிதுரா இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றாள். வயிறு கொஞ்சம் குத்துகிறதாம். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியின் பொங்கல் விழாவில் அவள் பேச வேண்டும். பயத்தில் வரும் குத்துத்தான். மல்லி, இஞ்சி அவித்துக் கொடுத்தேன்.

குடித்துவிட்டுச் சுருண்டு படுத்தாள். "உன்ரை மாமா அப்ப உன்னைவிடச் சின்னவன். காய்ச்சலோடை, வயித்துக்குத்தோடை, கொட்டுற மழைக்குள்ளை நடந்தவன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை" என்றேன்.

"தெரியும் அம்மா. அதைத்தானே பேசப்போறன்."

"பாடமாக்கிட்டியோ?"

"ஓம்."

பேச்சை அவள் தானாகவே எழுதினாள். நான் எழுத்துப் பிழை மட்டும் திருத்தினேன்.

ஜனவரி 13, சனி

மிதுரா இன்று பரவாயில்லை. நாள் முழுக்கப் படுத்திருந்தாள். வீடு கூட்டினேன், உடுப்புத் தோய்த்தேன், நாளைக்குப் பொங்கலுக்குப் பயறு வறுத்து வைத்தேன். காய்ச்சல் கொஞ்சம் காய்ந்தது. குளிசை கொடுத்தேன்.

ஜனவரி 14, ஞாயிறு

மிதுராவுக்கு முதலிடம்!

மண்டபம் நிறைந்த சனம். மஞ்சள் பாவாடை, தாவணி. அவளை அவ்வளவு வடிவாக நான் பார்த்ததில்லை. தலைப்பு 'எம் பெற்றோர் கடந்து வந்த பாதை'. மற்றப் பிள்ளைகள் தாளைப் பார்த்து வாசித்தார்கள். இவள் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் முன்னால் குனிந்தபடி பேசினாள். "என் மாமா நிமலனுக்கு அப்போது ஒன்பது வயது. அவர் அழவில்லை. நானும் எதற்கும் அழமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுக்கிறேன்" என்று முடித்தாள். முன்வரிசையில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். அதிபர் எழுந்து நின்று கைதட்டினார்.

மேடையால் இறங்கியபோது முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை. மண்டபத்துக்குள் சூடுதான். பொங்கல் வேண்டாம் என்றாள். படம் எடுக்கும்போது என் தோளில் முழுப் பாரத்தையும் சாய்த்தாள். பன்னிரண்டு வயதானாலும் இன்னும் குழந்தைதான்.

ஜனவரி 15, திங்கள்

பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்தார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிறோம்.

ஜனவரி 17, புதன்

குடல்வால் வெடித்து, உள்ளே முழுக்கச் சீழ். திங்கட்கிழமை பகலே வெட்டினார்கள்.

உடற்பயிற்சி வகுப்புக்கு உடுப்பு மாற்றும் அறையில் விழுந்து கிடந்திருக்கிறாள். அவளைக் கண்டு ஆசிரியையைக் கூப்பிட்டது வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி. ஆசிரியை என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தா. நான் விறைத்துப்போய் நின்றேன்.

சத்திரசிகிச்சை செய்த டொக்டர் இளம் பெண். மரியாதையாகத்தான் கேட்டா. "குறைந்தது மூன்று நாளாவது கடுமையாக வலித்திருக்கும். ஏன் முன்பே கொண்டுவரவில்லை?"

இதே கேள்வியை வேறு ஒரு டொக்டரும் கேட்டிருக்கிறார். அது தமிழில்.

கேதீஸ்வரன்தான், அவள் எங்களிடம் கொஞ்சம் குத்து என்று மட்டுமே சொன்னாள் என்று விளங்கப்படுத்தினார்.

இன்று மிதுரா நன்றாகக் கண் விழித்தபிறகு தாதி அவள் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டுக் கேட்டா. நான் ஜன்னலோரம் அவளுடைய உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் நோர்வே மொழியில்.

"அவ்வளவு வலித்ததா?"

"ஓம்."

"பிறகு ஏன் யாருக்கும் சொல்லவில்லை?"

மிதுரா, "என் அம்மாவுக்கு யுத்தம் நடந்தது. எனக்கு வயிற்று வலி மட்டும்தானே" என்றாள்.

தாதி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க முயன்றது தெரிந்தது. நான் மடித்த உடுப்பை உதறி மறுபடி மடித்தேன்.

பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு பெண் வந்து எங்கள் இருவரோடும் கதைத்தா. வீட்டில் எப்படி, பிள்ளைக்கு நோய் என்றால் என்ன செய்வீர்கள், பிள்ளையோடு எதைப் பற்றிக் கதைப்பீர்கள். குரல் மெதுவாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டா. பிள்ளைகள் நலத் திணைக்களத்துக்கும் அறிவிப்பார்களாம், அது வழக்கமாம், பயப்பட வேண்டாமாம். பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயத்தில் இந்த நாட்டில் எங்கள் ஆட்கள் அந்தத் திணைக்களத்தின் பெயரைக்கூடத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள்.

ஜனவரி 18, வியாழன்

காய்ச்சல் மறுபடியும் ஏறிவிட்டது. உள்ளே இன்னொரு இடத்தில் சீழ் கட்டியிருக்கிறதாம். மறுபடியும் கொண்டுபோனார்கள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது, "நான் ஓகே அம்மா" என்றாள். உதடு வெடித்திருந்தது.

நடைபாதையில் கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் கேதீஸ்வரன் முதல் தடவையாக என்னோடு சத்தம் போட்டார்.

"சாப்பாட்டோடை சேர்த்து அந்தச் சண்டைக் கதையைத்தானே அவளுக்கு ஊட்டினீர். பாண் விளிம்பைத் தின்னாமல் வைச்சால் சண்டை. கால் நனைஞ்சால் சண்டை. ஒரு நாள் விட்டிருப்பீரோ?"

"உங்களுக்கு என்ன தெரியும்? நீங்கள் சண்டையை ரெலிபோனிலைதான் கேட்டனீங்கள்."

அவர் தொண்ணூறாம் ஆண்டே இங்கு வந்தவர். இதை நான் இதற்கு முன்பும் சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் பேசாமல் எழுந்து போய்விடுவார். இன்று போகவில்லை.

"ஓம். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். இஞ்சையும் நீர் அவளுக்குச் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். வாயைத் திறக்கேல்லை" என்றார். பிறகு சுவரில் சாய்ந்து அழத் தொடங்கினார். துப்புரவு செய்பவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர், எங்களைக் கண்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

ஜனவரி 19, வெள்ளி

சீழ் இறங்க வயிற்றில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். காய்ச்சல் குறைகிறது.

ஜனவரி 20, சனி

மிதுரா உறங்குகிறாள். வெளியே மழையும் பனியும் கலந்து விழுகிறது. என்னை யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததை ஒழுங்காக ஒருதரம் எழுதிப் பார்க்கிறேன்.

தொண்ணூற்றைந்து, ஐப்பசி முடிகிற நேரம். எனக்குப் பன்னிரண்டு வயது. ஒலிபெருக்கி கட்டிய வாகனம் எங்கள் ஊர் இணுவிலின் ஒழுங்கைகளால் போய், எல்லோரும் உடனே வெளிக்கிடச் சொன்னது. ஆமி கிட்ட வந்துவிட்டது. அப்பா சைக்கிளில் அரிசி மூட்டையையும் அம்மாவின் தையல் மெசினையும் கட்டினார். சாந்தினி அக்காவுக்குப் பதினாறு வயது. அவள் ஒரு பையும் நான் ஒரு பையும் எடுத்தோம். தம்பி நிமலனிடம் ஒன்றும் கொடுக்கவில்லை. அவனுக்கு முதல் நாளே வயிற்றுக்குத்து, காய்ச்சல்.

யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே தெருவில் இருந்தது. நடக்க முடியாது. ஒரு அடி வைத்துவிட்டு நிற்க வேண்டும். நாவற்குழிப் பாலத்தடியில் வெகுநேரம் நின்றோம். மழை கொட்டியது. நிமலனுக்குத் தண்ணீர் கேட்டபோது அம்மா நனைந்த சேலைத் தலைப்பைப் பிழிந்து அவன் வாயில் விட்டா. அவன் அழாமல் நடந்தான். அப்பா தோளில் போட்டிருந்த துவாயின் நுனியை வாயில் கடித்துக்கொண்டே நடந்தான். நாய்க்குட்டி மாதிரி இருந்தது. ஏன் கடித்தான் என்று தெரியாது. சின்னப் பிள்ளைகளுக்கு அப்படி ஏதாவது பழக்கம் இருக்கும்.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. இன்னொரு குடும்பத்தோடு ஒரே வகுப்பறை. அங்கே நிமலனுக்கு வயிறு வீங்கியபிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசல் வரை காயக்காரர். டொக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஏன் முதலே கொண்டுவரவில்லை என்று அப்பாவைக் கேட்டாராம். அப்பா அதைத்தான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா சண்டையில் செத்துப்போனார் என்றுதான் மிதுராவுக்குச் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

லண்டனில் இருக்கும் சாந்தினி அக்காவுக்குப் போன் எடுத்தேன். மிதுராவுக்கு நடந்ததைச் சொன்னேன். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு முறை "ஹலோ" என்றேன்.

"வயித்துக்குத்தோ?" என்றாள் பிறகு.

"ஓம் அக்கா. அவள் வாய் திறந்து சொல்லேல்லை. நிமலனைப் போல இருக்க வேணும் எண்டு நினைச்சிருக்கிறாள். அவன் அழாமல் நடந்தவன் எண்டு நான்தான்..."

"ஆர் அழாமல் நடந்தது?"

"நிமலன்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"அம்மா சொல்லுவாவெல்லோ. நானும் கண்டனான்."

"நீ கண்டதோ?" அக்காவின் குரல் உயர்ந்தது. "அவன் பாலம் வரைக்கும் கத்தினவனடி. 'நோகுது, நோகுது' எண்டு அந்த ரோட்டு முழுக்கக் கத்தினவன். பக்கத்திலை வந்த சனம் பேசத் தொடங்கீட்டுது, பிள்ளையை அடக்குங்கோ எண்டு. எல்லாருக்கும் அவரவர் சுமை. அப்பாதான் துவாயை அவன்ரை வாய்க்குள்ளை குடுத்து, இதைக் கடிச்சுக்கொண்டு நட ராசா எண்டு சொன்னவர்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்ற, அக்கா தொடர்ந்தாள்.

"செத்தவீட்டிலை ஆரோ கேட்டவை, பிள்ளை நல்லாக் கஷ்டப்பட்டவனோ எண்டு. இல்லை, என்ரை பிள்ளை ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை எண்டு அம்மா சொன்னவ. அண்டைக்குத் தொடங்கினது. நாங்கள் ஒருத்தரும் மறுத்துச் சொல்லேல்லை. எப்பிடிச் சொல்லுறது? அதைச் சொல்லித்தான் மனிசி சோறு தின்றது. நீயும் அதையே பிடிச்சிட்டாய்."

"அந்தத் துவாய்..."

"பல்லுப்பட்டுக் கிழிஞ்சு போச்சுது" என்றாள். பிறகு கதைக்க முடியவில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நேற்று எழுதியதைப் பிரித்துப் படித்தேன். நாய்க்குட்டி மாதிரி என்று எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 22, திங்கள்

வேலைக்குப் போய் வந்தேன். திணைக்களத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அடுத்த செவ்வாய் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து பார்ப்பார்களாம்.

ஜனவரி 23, செவ்வாய்

மிதுராவுக்குச் சொன்னேன்.

எப்படித் தொடங்குவது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனேன். போனபோது கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, தட்டில் இருந்த ஜெலியைக் கரண்டியால் குத்திக்கொண்டிருந்தாள். தலை சீவிப் பின்னிவிடக் கேட்டாள். பின்னால் உட்கார்ந்து சீவிக்கொண்டே சொன்னேன். முகம் பார்க்காமல் சொல்வது சுலபமாக இருந்தது.

"நிமலன் மாமா அழுதவன், பிள்ளை."

கரண்டி நின்றது.

"வழி முழுக்க அழுதவன். நோகுது எண்டு கத்தினவன். அவனுக்கும் உனக்கு வந்த இந்தக் குடல்வால் வருத்தம்தான். குண்டுபட்டுச் சாகேல்லை. டொக்டரிட்டைக் கொண்டுபோகப் பிந்திப்போச்சுது."

நான் பின்னி முடித்ததை அவிழ்த்து மறுபடியும் பின்னினேன்.

"அப்ப நான் மேடையிலை சொன்னது பொய்யோ?"

"ஓம்."

"எல்லாரும் கை தட்டினவை."

"ஓம்."

"ஏன் அம்மா அவர் அழேல்லை எண்டு சொன்னனீங்கள்?"

"எனக்கு அப்பிடித்தான் ஞாபகம் இருந்தது."

"அவர் கத்தினது உங்களுக்குக் கேட்கேல்லையோ?"

கேட்டிருக்க வேண்டும். நான் அவனுக்குப் பக்கத்தில்தான் நடந்தேன். "கேட்டிருக்கும்" என்றேன். "இப்ப எவ்வளவு யோசிச்சாலும் அந்தச் சத்தம் வருகுதில்லை."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என்மேல் கோபமாக இருந்தாள். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவள் முகத்தில் அப்படிக் கோபம் பார்த்ததில்லை. "கொஞ்ச நேரம் வெளியாலை இருங்கோ" என்றாள். நடைபாதையில் போய் இருந்தேன். தாதி உள்ளே போய், வெகுநேரம் கழித்து வெளியே வந்தா. என் தோளைத் தொட்டுவிட்டுப் போனா.

ஜனவரி 24, புதன்

கேதீஸ்வரன் போனார். என்னை வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். வீட்டில் குளிர்சாதனப் பெட்டியைக் கழுவினேன்.

ஜனவரி 25, வியாழன்

இன்றும் வேண்டாமாம். அக்காவும் போன் எடுக்கிறாள் இல்லை.

ஜனவரி 26, வெள்ளி

காலையில் கேதீஸ்வரன் அழைத்தார். "குழாயை இண்டைக்கு எடுக்கப்போகினமாம். உம்மை வரச் சொல்லுறாள்" என்றார்.

வேலையில் சொல்லிவிட்டு ஓடினேன். பஸ் தரிப்பிடத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை வழுக்கும் பனி. போனபோது தாதி கையுறை போட்டுக்கொண்டிருந்தா. மிதுரா மேற்சட்டையை உயர்த்திக்கொண்டு மல்லாந்து கிடந்தாள். வயிறு ஒட்டிப்போய் இருந்தது. என்னைக் கண்டதும் கையை மட்டும் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.

"இது ஒரு கணம் நன்றாக வலிக்கும். மூச்சை உள்ளே இழு" என்றா தாதி.

மிதுரா பல்லைக் கடித்தாள். கன்னத்தில் எலும்பு புடைத்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்ற முகம். அன்றைக்கு அதைப் பார்த்துத்தான் பூரித்துப்போய் இருந்தேன்.

குனிந்து அவள் காதுக்குள், "வாயைத் திற பிள்ளை. கத்து" என்றேன்.

அவள் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தாள். தாதி குழாயை இழுத்தா.

மிதுரா கத்தினாள். ஒரு பிள்ளையிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நினைத்திருக்கவில்லை. தாதியே திடுக்கிட்டா. பக்கத்து அறைக் கதவு திறந்தது, யாரோ எட்டிப் பார்த்தார்கள். கேதீஸ்வரன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'ஸ்' என்று என் வாயில் வந்தது. உள்ளே இழுத்துக்கொண்டேன். குழாய் வெளியே வந்தபிறகும் அவள் நிறுத்தவில்லை. அழுதாள். விக்கி விக்கி, மூக்கு ஒழுக, என் கையை நகம் பதிய இறுக்கிக்கொண்டு அழுதாள்.

தாதி பஞ்சு வைத்து ஒட்டி, சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியே போனா. போகும்போது கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனா.

"இன்னும் நோகுது அம்மா" என்றாள் மிதுரா.

"எவடத்திலை?"

வயிற்றைக் காட்டினாள். பிறகு முதுகு என்றாள். ஊசி குத்திய கை என்றாள். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் யாரும் தன்னோடு இருப்பதில்லை என்றாள். போன வருடத்திலிருந்து என்றாள்.

"சொல்லு" என்றேன்.

சொல்லிக்கொண்டே இருந்தாள்.